பேசக்கூடாத வாரம்

போனை எடுக்காத என் பிள்ளைக்கு,

நீ கடைசியாக என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள். காலையில் பிள்ளைக்காம்பராவைத் திறக்கும் முன் ஒரு தடவை, பகலில் பிள்ளைகள் தூங்கும்போது ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை என்று உன் நம்பரை அழுத்திக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது, அடித்து ஓய்கிறது. நீ நன்றாக இருக்கிறாய், சாப்பிடுகிறாய் என்று உன் அறையில் தங்கியிருக்கும் பையன் இரண்டு தடவை சொன்னான். மூன்றாம் தடவை அவனும் எடுக்கவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் ஒன்றைச் சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்று அவனுக்கும் இப்போது தெரிந்திருக்கும்.

இது உனக்கு மட்டும் எழுதும் கடிதம் இல்லை. மூன்று பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு. ஒன்று கொழும்பில் உன் மேலதிகாரிக்கு. மூன்றாவது நம் தோட்டத்துக்கு. வரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நானே நின்று வாசிக்கப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் தெரியாதவர்களுக்காக இடையிடையே சொல்லிக்கொண்டு போவேன், பொறுத்துக்கொள். தேயிலை மலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு இவ்வளவு நீளமாக எழுதிப் பழக்கமில்லை. பிள்ளைகளின் நிறையைக் கொப்பியில் பதிந்துதான் பழக்கம்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பயத்தில் கை வேறு எங்கேயாவது போய்விடும். மத்திய வங்கி வட்டியை ஏற்றப் போகிறதா, இறக்கப் போகிறதா என்று நீ என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வாயாலும் சொல்லவில்லை, ஜாடையாலும் சொல்லவில்லை. “தம்பி சொன்னான்” என்று பார்வதி அக்காவிடம் நான் சொன்னது பொய். நான் அப்படிச் சொன்னேனா என்று நீ கேட்டபோது “இல்லை” என்றேனே, அதுவும் பொய்.

இந்தப் பொய்யின் வேர் எங்கே இருக்கிறது என்று பத்தொன்பது நாளாகத் தோண்டிப் பார்க்கிறேன். உனக்கு அந்த வேலை கிடைத்த நாளில்தான் இருக்கிறது. உன் அப்பா போன பிறகு நம்மைத் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிடுகிற ஆயாவிடம் யார் யோசனை கேட்பார்கள்? நீ கொழும்பில் மத்திய வங்கிக்குப் போனாய் என்றதும் எல்லாம் மாறியது. எனக்கு ‘பேங்க் அம்மா’ என்று பேர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா முதல் ஆளாக வந்து உன்னையே கேட்டார், நினைவிருக்கிறதா?

“ஏன் தம்பி, ஒங்க பேங்குல நக வைக்கலாமா? டவுனுல புடுங்கித் திங்கிறானுக.”

நீ சிரித்தாய். “இல்ல பெரியம்மா, அது பேங்குகளுக்கு பேங்கு. ஒரு பேங்குல இன்னைக்குக் காசு மிஞ்சும், இன்னொண்ணுல கொறயும். மிஞ்சினவன் ஒரு நாளைக்கு எங்ககிட்டப் போட்டு வைப்பான், கொறஞ்சவன் ஒரு நாளைக்கு எங்ககிட்ட வாங்குவான். அதுக்கு என்னா வட்டின்னு நாங்கதான் வைக்கிறோம். அது ஏறினா டவுனு பேங்குல ஏறும், நக கடையில ஏறும், ஆட்டோ எடுத்த கடன்ல ஏறும்.”

“ஏறினா அரிசி வெல எறங்குமா?”

“எறங்காது பெரியம்மா. ஏறுற வேகம் கொறயும். கடன் வாங்கிச் செலவழிக்கிற கை கொறஞ்சா வெலயும் தாவித் தாவி ஏறாது.”

“நம்ம கை எப்பவும் கொறஞ்சுதானே கெடக்கு. அப்புறம் எதுக்கு வெல ஏறுது?” என்றார் அக்கா. நீ தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “அதத்தான் பெரியம்மா நாங்க பொழுதன்னைக்கும் பேசிக்கிட்டு இருக்கோம்” என்றாய். அன்று எனக்கு இருந்த பெருமையை எழுதிக்காட்டத் தெரியாது. பெற்ற வயிறு குளிர்ந்தது என்று சொல்வார்களே, அப்படித்தான் இருந்தது. ஆனால் குளிர்ந்தது வயிறு மட்டும் இல்லை, தலையும்தான் கொஞ்சம் கனத்துப் போயிற்று.

பிறகு அந்தக் கெட்ட வருடம் வந்தது. பால்மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கோதுமை மா விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. காம்பராவுக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் டப்பாவைத் திறந்தாலே நாட்டின் நிலைமை எனக்குத் தெரிந்துவிடும். முழு ரொட்டி அரை ரொட்டியாயிற்று, அரை ரொட்டி பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியில் தோய்த்த துண்டாயிற்று. மாதம் ஒரு தடவை தராசில் தொங்கவிட்டு நிறை பார்க்கும்போது, மூன்று வயதுப் பிள்ளை இரண்டு வயதில் இருந்த இடத்திலேயே நின்றது. அந்த நேரம் பார்த்து மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை எக்கச்சக்கமாக உயர்த்தியது. என் சங்கிலி அடகில் இருந்தது. அன்று போனில் நான் உன்னைப் பேசிய பேச்சு எந்தத் தாயும் பேசக் கூடாதது. “கொளுந்து புடுங்குறவ வயித்துல அடிக்கத்தான் ஒன்னயப் படிக்க வச்சேனா?” என்று கேட்டேன்.

“அம்மா, கவ்வாத்து வெட்டினா என்னா நடக்கும்?” என்று நீ திருப்பிக் கேட்டாய். செடியை முழங்கால் உயரத்துக்குக் கழித்துவிட்டால் மாதக்கணக்கில் அந்த மலையில் ஒரு கொழுந்து கிடைக்காது. வெட்டாமல் விட்டால் செடி மரமாகிப் போகும், பிறகு எப்போதுமே கொழுந்து இல்லை. “அதுதாம்மா இது. இன்னைக்கு வெட்டினா பலன் தெரிய ஒரு வருசம் ஒன்றர வருசம் ஆகும். இப்பவே வலிக்கும்னு தெரிஞ்சுதான் செய்யிறாங்க” என்றாய். “வெட்டுறவனுக்கு வலிக்காதுடா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீ அன்று அழுதாயோ என்னவோ. நான் திரும்ப எடுத்துக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்தே இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் அந்த வருடம் இன்னொன்றும் நடந்தது. வட்டியை முடிவு செய்யும் அடுத்த கூட்டம் வருகிறது என்று ரேடியோவில் சொன்னபோது, “இன்னும் ஏறும்” என்று நான் நம் லயத்து வரிசை வீடுகளில் சொன்னேன். ஏறியது. அதில் என்ன சாமர்த்தியம்? மழை பெய்துகொண்டிருக்கும்போது மழை வரும் என்று சொன்ன கதை. ஆனாலும் என் பேச்சைக் கேட்டுச் சீட்டுக் காசை வங்கியில் நிலையாகப் போட்ட இரண்டு பேருக்கு நல்ல வட்டி கிடைத்தது. அவர்கள் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பைக்கட் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த வாழைப்பழம்தான் மகனே என்னைக் கெடுத்தது. அன்றிலிருந்து பெரட்டுக்கு, அதுதான் காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகும் பொம்பிளைகள் என் வாசலில் நின்று, “தம்பி என்னா சொல்லுது?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். “ஒண்ணும் சொல்லல” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “பாப்போம், பாப்போம்” என்று எல்லாம் தெரிந்தவள்போலத் தலையை ஆட்டினேன்.

நீ எனக்கு எச்சரிக்கை சொல்லாமல் இல்லை. சிறு வயதில் சங்கக்கடையில் மாவுக்கு வரிசையில் நின்றாயே, அந்தக் கதையை ஒரு தடவை எடுத்தாய். மா லாரி வராது என்று யாரோ ஒருவர் சொன்னார். ஊரே ஓடிப்போய் இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று வாங்கியதில் பத்து மணிக்குள் கடை காலி. லாரி மறுநாள் வழக்கம்போல வந்தது. “அன்னைக்கு நம்ம வீட்டுல ஒல வைக்காதது லாரி வராததால இல்லம்மா. வராதுன்னு ஒருத்தர் சொன்னதால. வெல ஏறும்னு எல்லாரும் நம்பினாலே வெல ஏறிரும். எங்க வேலையில பாதி, எல்லாரும் நம்புற மாதிரி ஒரு சொல்லச் சொல்றதுதான். மீதிப் பாதி, சொன்ன சொல்லக் காப்பாத்துறது” என்றாய். வருடத்தில் சில தடவை கூடுவீர்கள், அதற்கு முன்னால் சந்தை விலை, விளைச்சல், ஏற்றுமதி, கடன் என்று ஒவ்வொரு பிரிவும் எழுதிக் கொடுக்கும், வருகிற வருடம் விலை எந்த வேகத்தில் ஏறும் என்று கணித்து, குறித்து வைத்த அளவுக்கு மேலா கீழா என்று பார்த்து முடிவெடுப்பார்கள் என்றெல்லாம் விளக்கினாய். அறிவிப்பு வந்ததும் கொழும்பில் பெரிய மனிதர்கள் போன தடவை இருந்த எந்தச் சொல் இந்தத் தடவை இல்லை என்று தேடிப் பார்ப்பார்கள் என்றும் சொன்னாய். நான் அதையெல்லாம் விட்டுவிட்டு, சொல்லாததிலிருந்தும் விஷயத்தைப் பிடிக்கலாம் என்ற அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

ஏனென்றால் இன்னொன்றும் சொல்லியிருந்தாய். கூட்டத்துக்கு முந்திய நாட்களில் நீங்கள் யாரும் வட்டியைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது. வீட்டிலும் கூடாது, கூட்டாளியிடமும் கூடாது. “அது பேசக்கூடாத வாரம்மா. அந்த வாரத்துல எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க.” கேட்கக் கூடாது என்றாய், சரி. பார்க்கக் கூடாது என்று நீ சொல்லவில்லையே! பேச்சு வராத பிள்ளைகளை வளர்க்கிறவள் நான். எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை வயிற்று வலிக்கு, எது தாயைத் தேடி என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இத்தனை வருடம் அதுதானே என் தொழில். பெற்ற பிள்ளையின் முகமா எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டேன்.

மாரியம்மன் திருவிழாவுக்கு நீ வந்தது அப்படி ஒரு வாரத்தில். பார்வதி அக்கா அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். நாற்பது வருடம் கொழுந்தெடுத்த காசு, ஈ.பி.எப். பணமும் சேவைக்காலப் பணமும், ஒன்றாகக் கைக்கு வந்திருந்தது. டவுன் வங்கியில் ஐந்து வருடத்துக்குப் போட்டால் மாதாமாதம் வட்டி தருவார்கள், அதை வைத்துக் கடைசிக் காலத்தை ஓட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. இப்போதே போடுவதா, இன்னும் ஏறட்டும் என்று பொறுப்பதா என்று கேட்டுத்தான் என்னிடம் வந்தார். நீ அன்று முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாய். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தாய். பொங்கல் கொடுத்தேன், தொடவில்லை. என்னடா என்றால் “ஒண்ணுமில்ல” என்றாய். தேர் பார்க்கவும் வரவில்லை. நான் கணக்குப் போட்டேன். பிள்ளை துக்கமாக இருக்கிறான், ஆகவே கெட்ட செய்தி. நமக்குக் கெட்ட செய்தி என்றால் வட்டி ஏறுவதுதான். நீ பஸ் ஏறிய மறு நிமிடம் அக்காவைக் கூப்பிட்டு, “அவசரப்பட வேணாங்க்கா. தம்பி சொன்னான், இன்னும் ஏறுமாம்” என்றேன்.

அந்தத் தடவை வட்டி இறங்கியது.

ஒரு வாரம் கழித்து நீ போன் எடுத்தாய். “அம்மா, கடவாப் பல்லப் புடுங்கிட்டேன். திருவிழாவுக்கு வந்தப்ப உசுரு போற வலி. சொன்னா நீங்க பயந்து டவுனுக்குக் கூட்டிக்கிட்டு ஓடுவீங்கன்னு சொல்லல.” உன் பல்வலியைப் பார்த்து நான் நாட்டின் வட்டியைச் சொல்லியிருக்கிறேன். வேறு யாருக்காவது நடந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

இதுவரை நடந்ததற்கு அறியாமை என்று பேர் வைக்கலாம். இனிமேல் நடந்ததற்கு அந்தப் பேர் கிடையாது. அன்றே அக்கா வீட்டுக்குப் போய், “நான் தப்பாச் சொல்லிட்டேங்க்கா, நாளைக்கே போய்ப் போட்டுருங்க” என்று சொல்லியிருக்கலாம். வட்டி இறங்கத் தொடங்கியிருந்ததே தவிர, அப்போதும் நல்ல வட்டிதான். ஒரு பஸ் டிக்கெட்டோடு முடிந்திருக்கும். ஆனால் ‘பேங்க் அம்மா’ பிழை சொன்னாள் என்று லயத்தில் பேச்சு வருமே என்று பயந்தேன். அக்காவின் மகள் சுமதிக்கு வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் போட்டேன். “சுமதி, அம்மாகிட்டச் சொல்லு, பதற வேணாம். இது சும்மா கண்துடைப்புக்கு எறக்கியிருக்காங்க. தம்பி சொன்னான், திரும்ப ஏறுமாம். பொறுக்கச் சொல்லு.” அக்கா பொறுத்தார். அடுத்த கூட்டத்திலும் இறங்கியது, அதற்கடுத்ததிலும் இறங்கியது. நான் ஒவ்வொரு தடவையும் பொறுக்கச் சொன்னேன். கடைசியில் அவர் போய்ப் போட்டபோது கிடைத்த மாத வட்டி, முதலில் கிடைத்திருக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவு. அது அரிசிக்குக் காணும், மருந்துக்குக் காணாது.

அதனால் ஓய்வு பெற்ற பொம்பிளை திரும்பவும் கூடையை மாட்டினார். பேர் பதிந்த தொழிலாளியாக இல்லை, எடுத்த கிலோவுக்குக் காசு என்று கைக்காசுக்குப் போனார். முழங்கால் வீங்கிய காலோடு, மழை நாளில், சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். இப்போது லயத்தில் படுத்த படுக்கைதான். சுமதியின் புருஷன் கொழும்புக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டான். மத்திய வங்கியில் வேலை செய்கிறவன் தாயிடம் உள் விஷயத்தைச் சொல்ல, அதை நம்பி நாங்கள் கெட்டோம் என்று. அவன் எழுதியதில் தப்பு இல்லை. அவனுக்குச் சொல்லப்பட்டது அதுதானே.

அப்புறம்தான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். “அம்மா, நான் சொன்னேன்னு நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க.” நீ யோசிக்க நேரம் கொடுத்தாய். நான் யோசிக்கவே இல்லை. உன் குரல் நடுங்கியதைக் கேட்டுப் பயந்துபோய், “ஐயோ சாமி, நான் ஏன் சொல்றேன்? இல்லப்பா” என்றேன். என் தாய் அப்படிச் சொல்லவில்லை என்று நீ வங்கி விசாரணையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். மூன்றாம் நாள் சுமதியின் போனில் இருந்த வாய்ஸ் அங்கே போய்ச் சேர்ந்தது.

“விசாரிக்கிற மூணு பேருக்கு முன்னால ஒங்க கொரலப் போட்டாங்கம்மா. நான் ஒக்காந்து கேட்டேன்” என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ களைத்துப்போய்ச் சொன்னாய். “நான்தான் சொன்னேன்னு அவங்க இன்னும் முடிவு பண்ணல. அது வேற. ஆனா வட்டி பேசுற அந்த ரூமுக்குள்ள நான் இனிமே எப்படிம்மா போறது? எங்க வேலையே சொன்ன சொல்லுதான். வேலைய விட்டுட்டுப் போறேன்னு எழுதி வச்சிருக்கேன். இந்த மாசக் கடைசியில குடுத்துருவேன்.” அதோடு வைத்தாய். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. காம்பராவில் ஒரு பிள்ளைக்கு ஊட்ட வேண்டிய சோற்றை இன்னொன்றுக்கு ஊட்டுகிறேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று இங்கே நடக்கிறது, அதை நீ அறிய மாட்டாய். லயத்தில் எல்லாரும் என்மேல் பரிதாபப்படுகிறார்கள். நீ எனக்குச் சொல்லத்தான் செய்தாய், மாட்டிக்கொண்டதும் பெற்றவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாய் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். “பாவம், பெத்தவளயே மாட்டி விட்டுட்டான். படிச்சவன் புத்தி அப்பிடித்தான்” என்று சொல்லிக்கொண்டு எனக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அதை வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு வாரம் ஒன்றும் பேசாமல் வாங்கிச் சாப்பிட்டேன் மகனே. இந்தக் கடிதத்தை ஊருக்கு வாசிக்கப் போவது வீரத்தில் இல்லை. அந்தக் கிழங்கு இனிமேல் தொண்டையில் இறங்காது, அதனால்தான்.

எல்லாருக்கும் முன்னால் பார்வதி அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று முந்தாநாள் போனேன். சுமதி வாசலில் நின்றாள், உள்ளே விடமாட்டாள் போலத்தான் இருந்தது. அக்கா உள்ளேயிருந்து, “வரட்டும் விடுடி” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, தம்பி ஒண்ணுமே சொல்லல. நான்தான் அவன் மூஞ்சியப் பாத்து நானாச் சொன்னேன். ரெண்டாவது தடவ, தப்புன்னு தெரிஞ்சே சொன்னேன்” என்றேன். அவர் என்னை அடித்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

“அந்தப் பையன் ஒண்ணுமே சொல்லலயா?”

“இல்லக்கா.”

“ஒரு வார்த்த?”

“ஒரு வார்த்தகூட இல்லக்கா.”

என் பக்கம் திரும்பினார். “விழுந்த நாளுலருந்து படுத்துக் கெடந்துக்கிட்டு, ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிற நேரம் ஒம் மகன நான் சபிச்சிக்கிட்டு இருக்கேன்டி. நல்லா இருப்பானான்னு, வெளங்குவானான்னு. அத இப்ப நான் எப்படித் திரும்ப எடுக்கிறது?”

உங்கள் வங்கி ஏற்றின வட்டியை இறக்கலாம், இறக்கினதை ஏற்றலாம். வெளியே போன சொல்லை எந்த வங்கியும் திரும்ப வாங்குவதில்லை. என் காம்பராச் சம்பளத்தில் பாதி இந்த மாதத்திலிருந்து அக்காவின் மருந்துக்குப் போகும். சுமதியிடம் சொல்லிவிட்டேன். அது போதாது என்று அவளும் சொன்னாள், எனக்கும் தெரியும்.

இப்போது உன்னைக் கெஞ்சுகிறேன். அந்த ராஜினாமாவைக் கொடுக்காதே. நீ போய்விட்டால் பொய் சொன்னவன் நீ என்று ஆகிவிடும். நான் சாகும்வரை இங்கே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். பெற்றவள் பிள்ளையைக் காப்பாற்றப் பேசுகிறாள் என்பார்கள். உன் சொல் கெட்டுப்போகவில்லை, சாமி. கெட்டது என் சொல். நீ கையெழுத்துப் போட்டது உன் தாயை நம்பி. தாயை நம்பினது குற்றமென்றால் இந்த நாட்டில் எவன் அந்த அறைக்குள் போக முடியும்? அந்த மூன்று பேர் என்னைக் கூப்பிட்டால் வருகிறேன். சிங்களத்தில் கேட்டால் சிங்களத்தில் சொல்வேன். இங்கிலீஷில் கேட்டால் யாராவது மாற்றிச் சொல்லட்டும். வேலைக்கு வைப்பதும் விடுவதும் அவர்கள் முடிவு. ஆனால் நீயாக எழுந்து போகாதே. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால், அதன் பேரைச் சொல்லி ஊரில் பெரிய மனிதனாகப் பார்க்காதே. நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான், அதையும் உன்னை விலையாகக் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. கோபம் ஆறின பிறகு வா என்று சொல்லமாட்டேன், ஆறாமலே வா. வந்தால் எதுவும் விளக்க வேண்டாம், எதுவும் சொல்ல வேண்டாம். வட்டியைப் பற்றியும் வேண்டாம், என்னைப் பற்றியும் வேண்டாம். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். நீ சாப்பிட்டு எழும்பும்வரை உன் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

அம்மா